டர்போ வண்டியில் ஆயில் பில்டரை இடம் மாற்றச் சொன்னால்

பௌர்ணமி கிரிவலம் நெருங்கினால் திண்டிவனம் சாலையும் வேலூர் சாலையும் நெரிய ஆரம்பித்துவிடும். நெடுஞ்சாலையில் விரட்டி வந்த டர்போ கார், திருவண்ணாமலை எல்லையில் சிக்கி, ஏசி ஓட ஒன்றாம் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும். டர்போவின் சூடு வெளியேற வழியில்லாமல் பானட்டுக்குள்ளேயே தங்கும். அடுத்த வாரம் அந்த வண்டிக்காரர் உங்கள் பட்டறைக்கு வந்து, "பில்டரைத் தள்ளி முன்னாடி வச்சா ஆயில் சூடாகாதாமே, பண்ணிக் கொடுங்க தம்பி" என்பார். ஐடிஐ முடித்துத் தொழிலுக்கு வந்திருக்கும் மெக்கானிக் இதற்குச் சொல்லும் பதிலில்தான் அவர் பெயர் நிற்கும்.

பெரும்பாலான வண்டிகளுக்குப் பதில், "வேண்டாம் சார்." பில்டரை இடம் மாற்றுவதால் மட்டும் ஆயில் சூடு குறைவது சொற்பம். சூட்டைக் குறைப்பது ஆயில் கூலரின் வேலை. கம்பெனி டர்போவோடு வந்த காரில் சரியான கிரேடு ஆயில், நேரத்துக்கு ஆயில் மாற்றம், நீண்ட ஓட்டத்துக்குப் பின் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது, இவையே கிரிவல நெரிசலுக்குப் போதும். வாரன்டியில் இருக்கும் வண்டியென்றால் கை வைக்கவே வேண்டாம்.

வேலை உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் உண்டு. பின்னால் டர்போ பொருத்தியதால் டவுன்பைப் பில்டரை உரசிக்கொண்டு போகும் கார். வேறு இஞ்சின் ஏற்றிய பழைய ஜீப்பில் பில்டரைக் கழற்றக் கை நுழையாத நிலை. ரேலி வண்டிக்குக் கூலரும் சேர்த்துப் போடுவது. இஞ்சின் மாற்றிய ஜீப்பென்றால் முதலில் ஆர்சி புத்தகத்தைக் கேளுங்கள். வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 அங்கேதான் குறுக்கே வரும்.

அடுத்து, பில்டர் எந்த வகை என்று பாருங்கள். 2007இல் ஸ்விஃப்ட் டீசலில் வந்து 2020இல் பிஎஸ்6 விதியோடு நின்றுபோன 1.3 மல்டிஜெட் இன்னும் நம் ஊர் டாக்ஸிகளில் நிறைய ஓடுகிறது. அதில் காகித எலிமென்ட் ஒரு கூட்டுக்குள் உட்காரும். கூலரும் அந்தக் கூட்டோடேயே இருக்கும். திருகிப் பூட்டும் டப்பா பில்டருக்கான இடமாற்ற கிட் அதில் சேராது. டப்பா பில்டர் வண்டிகளிலும் மரை எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. முக்கால் அங்குலம் 16 மரையும் எம்20×1.5உம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று மற்றொன்றில் சரியாகப் பூட்டாது. ஸ்பேனர் போடுவதற்கு முன் திரெட் கேஜ் வைத்துப் பாருங்கள்.

பணத்தை எங்கே செலவழிப்பது என்று கேட்டால், இஞ்சினையும் இடம் மாறிய பில்டரையும் இணைக்கும் ஹோஸில் என்பேன். டிராக்டர், ஜேசிபிக்கு ஹோஸ் அடித்துத் தரும் கடை பக்கத்திலேயே இருப்பதால் அங்கே ஓடத் தோன்றும். அந்த ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தத்தை நன்றாகவே தாங்கும். ஆயில் பிரஷர் குளிர்ந்த இஞ்சினில்கூட சில பார்தான். சிக்கல் சூட்டில் இருக்கிறது. எஸ்ஏஇ 100ஆர்1 என்று அச்சிட்ட சாதாரண ரப்பர் ஹோஸின் வரம்பு 100 டிகிரி. கடுமையாக ஓடும் டர்போ இஞ்சினில் ஆயில் அதைத் தாண்டும். அதே கடையில் பிடிஎஃப்இ உள்குழாயும் ஸ்டீல் பின்னலும் கொண்ட 100ஆர்14 கேளுங்கள். அது 200 டிகிரி தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் இதில் பேரம் பேசக்கூடாது. விட்டமும் முக்கியம். ஏஎன்10 அளவு, அதாவது உள்ளே சுமார் 14 மி.மீ., நல்ல தேர்வு. ஒரு மீட்டர் வீதம் இரண்டு ஹோஸ் போட்டால் அவற்றுக்குள் மட்டும் 0.3 லிட்டர் ஆயில் கூடுதலாக நிற்கும். அதைக் கணக்கில் சேருங்கள்.

ஹோஸ் வெட்டும்போது விழும் கம்பித் துகளையும் பிடிஎஃப்இ பொடியையும் பலர் பொருட்படுத்துவதில்லை. பில்டருக்குப் போகும் ஹோஸில் துகள் இருந்தால் பில்டர் பிடித்துக்கொள்ளும். பில்டரிலிருந்து திரும்பும் ஹோஸில் இருந்தால் நேராக மெயின் பேரிங்குக்கும் டர்போவுக்கும் போகும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல், வெறும் ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுகிறது. ஒரு பொடி போதும். கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியைச் செருகி இழுத்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

இன், அவுட் மாறக்கூடாது. பில்டரின் ஓரத் துளைகள் வழியே ஆயில் நுழையும், நடு மரை வழியே வெளியேறும். மாற்றி மாட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் வால்வு வழியை அடைத்துவிடும். புது இடத்தில் பில்டர் கீழ்நோக்கித் தொங்கட்டும். வண்டி நின்றபின் ஆயில் வடியாமல் இருக்கும். அதற்காகப் பம்பருக்கு அடியில் வைத்தால் கிராமத்து வேகத்தடை அதை ஒருநாள் உடைக்கும். இஞ்சின் அசைவதற்கு ஹோஸில் தளர்வு விடுங்கள். டர்போ பக்கம் போகும் இடத்தில் ஹீட் ஸ்லீவ் போடுங்கள்.

முடித்ததும் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். பில்டரை ஆயிலால் நிரப்பி, எரிபொருளைத் துண்டித்து, கேஜில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் மட்டும் அடியுங்கள். பிறகு ஐடிலில் ஓடவிட்டு, அணைத்து, அளவு பார்த்து ஆயில் ஊற்றுங்கள். சோதனை ஓட்டத்துக்குப் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏற்றம் பொருத்தம்: ஏறும்போது சூடு, இறங்கியதும் கசிவு, இரண்டையும் பார்த்துவிடலாம்.

இந்த வேலையை ஆழமாகக் கற்க ஆசையென்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கோ, கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ பந்தய நாளில் போங்கள். வண்டிகளைப் பரிசோதிக்கும் இடத்தில் ஹோஸ் எப்படிப் போகிறது, எங்கே கிளாம்ப் விழுகிறது என்று பார்ப்பது, பல மாதப் பட்டறைப் பாடம். பந்தய அணிகளுக்குக் கை சுத்தமான மெக்கானிக் எப்போதும் தேவை.

ஜாப் கார்டில் ஹோஸின் ரகம், பில்டர் நம்பர், ஊற்றிய மொத்த ஆயில், சூட்டிலும் குளிரிலும் கண்ட பிரஷர் ஆகியவற்றை எழுதி ஒரு நகல் வண்டிக்காரரிடம் கொடுங்கள். 500 கிலோமீட்டரில் திரும்ப வரச் சொல்லுங்கள், அந்தப் பார்வைக்குக் கூலி வாங்காதீர்கள்.