உப்புத்தண்ணியும் ட்ரக்டர் வயரும்



கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்கும் போய்வந்தவர்கள், திருகோணமலைக் கடற்கரையில் நிற்கும் ட்ரக்டர்களைக் கண்டிருப்பீர்கள். படகைக் கரையேற்றுவது, கரைவலை இழுப்பது எல்லாம் இப்போது பல இடங்களில் அதுதான். (வலைக்கு இயந்திரம் போடலாமா கூடாதா என்பது தனி வழக்கு, அதற்குள் நான் போகவில்லை.) சில்லு கடலுக்குள் இறங்கும். கடல் தண்ணி ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அந்தப் பக்கத்து வாகனங்கள் 'பாதை'யில் ஏறித்தான் அக்கரை போயின. அப்படிப்பட்ட ஊரில் வயர் ஒட்டுகிறவன் கையைப் பார்த்து நாமும் படிக்கலாம்.

நமக்கு உப்பு இல்லை, ஆனால் பனியும் மழையும் சேறும் உண்டே. சில வருடங்களுக்கு முன் ஒரு மழை இரவு, பிரசவ வலி எடுத்த பிள்ளையைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். இரண்டாவது வளைவில் ஹெட்லைட் இரண்டும் ஒன்றாக அணைந்தது. டோர்ச் பிடித்து முன்னால் ஒருவர் நடக்க, லொறி ஊர்ந்தது. தாயும் பிள்ளையும் சுகம். விடிந்ததும் பார்த்தால் ஒரு ஒட்டு, கறுப்பு டேப்புக்குள் பச்சைத் தூளாகக் கிடந்தது. அதை ஒட்டியபோது பக்கத்தில் நின்று "டேப் சுத்தினாப் போதும்" என்று சொன்னவன் நான்தான்.

டேப் ஏன் போதாது? இஞ்சின் சூட்டில் அதன் பசை இளகும், தண்ணி உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, செப்பு இழைகளுக்கிடையே தண்ணி வயரின் தோலுக்கடியில் ஏறிப்போகும். அதனால் ஒட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியும் செப்பு கறுத்திருக்கும். 12 வோல்ட், 55 வாட் பல்புக்குப் போகும் வழியில் அரை ஓம் தடை சேர்ந்தாலே பல்புக்குக் கிடைப்பது 10 வோல்ட் அளவுதான். வெளிச்சம் பாதிக்குக் கிட்டக் குறையும். ஏழு வாட்டுக்கு மேல் அந்த ஒட்டிலேயே சூடாகும்.

இனி வேலை. முதலில் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். கறுத்த செப்பை வெட்டி எறிந்து, மினுங்கும் செப்பு வரும்வரை போங்கள். இழுக்கவேண்டி வந்தால் புது வயர்த் துண்டு சேருங்கள். உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயை ஒட்டுவதற்கு முன்பே வயரில் கோர்த்துவிடுங்கள். இதை மறந்து, ஒட்டி முடித்துவிட்டு தலையில் கை வைக்காதவர் குறைவு. இரண்டு முனையையும் எதிரெதிராக வைத்து ஒன்றையொன்று இறுக்கிச் சுற்றி, ஈயம் வையுங்கள். சூடு செப்புக்குத்தான் காட்டவேண்டும், செப்பு ஈயத்தை உருக்கவேண்டும். தகரம் ஒட்டுகிற அமிலத் திரவத்தைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள், அது பின்னால் செப்பைத் தின்னும். வினாகிரி மணக்கிற சிலிக்கோன் பசையும் அப்படித்தான்.

ஈயமா, நசுக்கி இறுக்கும் குழல்மூட்டா என்று கராஜ்களில் சண்டையே நடக்கும். ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்துவிடும், குலுங்கும் வண்டியில் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் முறியும். நல்ல இறுக்கி இருந்தால் குழல்மூட்டே மேல் என்பது என் எண்ணம். சாதாரணக் குறடால் நசுக்குவதென்றால் ஈயமே வையுங்கள். எதுவானாலும் ஒட்டின் இரு பக்கமும் வயரைச் சட்டத்தில் கட்டிவிடுங்கள்.

பிறகு குழாயை நடுவில் பிடித்து இரண்டு ஓரத்தாலும் பசை பிதுங்கும்வரை சூடு காட்டுங்கள். ஒட்டு வயரின் தாழ்ந்த இடத்தில் வரக்கூடாது. வயரை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் தண்ணி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கறண்ட் வருதா என்று ஊசியால் வயரைக் குத்திப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள், அந்த ஓட்டையே அடுத்த மழைக்குப் போதும்.

ட்ரெயிலர் பிளக்கை மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் சுரண்டித் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் பூசிப் பூட்டுங்கள். லொறியில் போகிறவர்களும் ஏறுமுன் லைட்டைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள், டிரைவர் அண்ணன் கோபிக்கமாட்டார்.