ஆட்டப் படத்தில் உப்பு

பலர் ஒருங்கு கூடி ஆடும் கணினி விளையாட்டுக்களுள், பேரரசுகளைக் கட்டியும் கலைத்தும் ஆடும் போர்த்தந்திர விளையாட்டை மாணாக்கர் பலரும் நன்கறிவர். விடுதிக் காப்பாளர்கள் அதனை இரவுப்பொழுதைக் களவாடும் கள்வன் என்பர். அவ்வழக்கினுள் யாம் புகுகின்றிலேம். அவ்வாட்டத்திற்கு நிலைக்களமாகிய நிலப்படத்தை எடுத்துக்கொண்டு, அதன்கண் உள்ளது யாது, இல்லாதது யாது என ஆராய்தலே ஈண்டு எம் கருத்து.

'ஏஜ் ஆப் எம்பயர்ஸ்' என்னும் விளையாட்டின் இரண்டாம் பகுதி 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு படத்தின்மேல் எண்மர் வரை எதிர்த்தும் துணைசேர்ந்தும் அதனை ஆடலாம். 2015ஆம் ஆண்டில் அதனோடு ஆப்பிரிக்க அரசுகள் சேர்க்கப்பட்டன. மாலியரும், எத்தியோப்பியரும், பெர்பெரியரும் அரங்கேறினர். மேனாட்டுக் கோட்டைகளையே கண்டு பழகிய கண்ணுக்கு நைஜர் ஆற்றங்கரையின் மண் மாளிகைகள் புதுமையாயின. ஆயினும் ஒரு குறை உண்டு. அவ்விளையாட்டில் ஈட்டற்குரிய பொருள்கள் உணவு, மரம், பொன், கல் என நான்கே. உப்பு இல்லை. மாலிப் பேரரசின் படத்தில் உப்பில்லை எனின், சோழநாட்டுப் படத்தில் காவிரி இல்லை என்பதனோடு அஃது ஒக்கும்.

இதனை யாம் இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம் எம் ஊர். பெரிய முதலியார்சாவடி, புதுச்சேரிக்கு வடக்கே கடற்கரைச் சாலையின்மேல் உள்ளது. அச்சாலையிலேயே மேலும் வடக்கே சென்றால் கழுவேலி உவர்நீர்ப் பரப்பும், அதனை அடுத்து மரக்காணத்து உப்பளங்களும் வரும். கழிநீரை முதலிற் பெரும் பாத்தியிற் கட்டி வெயிலிற் காயவிட்டு, உவர்ப்பு ஏற ஏறச் சிறு பாத்திகளுக்கு மாற்றி, இறுதிப் பாத்தியிற் படியும் உப்பை நீண்ட காம்புள்ள பலகையால் வாரிக் குவிப்பர். ஐப்பசி மழை தொடங்கிற்றாயின் தொழில் நிற்கும். இதனை விளைத்தல் என்றே வழங்குவர். சங்கச் சான்றோரும் உப்பு விளைப்பாரை ஏரின்றி உழும் உழவராகவே கண்டனர்.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடனது ஓய்மாநாட்டைப் பாடுங்கால் கூறும் எயிற்பட்டினம், இம்மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர். நெய்தல் நிலத்து உப்பை வண்டியிலேற்றி உள்நாடு புகுந்து நெல்லுக்கு மாற்றியோர் உமணர். மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறியும் என்றஞ்சி, அவர் வண்டியின்கீழ் மற்றோர் அச்சைச் சேமமாகக் கட்டிச் செல்வர். ஔவையார் அதனையே ஒரு தலைவனுக்கு உவமையாக்கினார். வணிகர் செல்லும் வழி எத்தகையதென்பது அச்சேம அச்சு ஒன்றாலேயே விளங்கும். பெரும்பாணாற்றுப்படையோ, மிளகுப் பொதி சுமந்த கழுதைகளுக்கு உல்கு கொள்ளும் பெருவழியையும், அதனைக் காக்கும் வில்வீரரையும் காட்டுகின்றது. வழியிருந்தால் வரியிருக்கும்; வரியிருந்தால் அதனை வாங்க ஓரிடம் வேண்டும். வழிப்போக்கர் தங்குமிடம் சாவடி. சுங்கம் கொள்ளும் இடமும் சாவடியே.

இனி ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். 1957இல் விடுதலை பெற்ற கானா நாடு பழம்பெயரொன்றைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. பழைய கானாப் பேரரசோ அதற்கு வடமேற்கே நெடுந்தொலைவில், சகாராப் பாலையின் தென்கரையில் இருந்தது. கோர்தோவா நகரத்து அறிஞர் அல் பக்ரி 1068இல் எழுதியபடி, அவ்வரசர் தம் நாட்டினுள் வரும் ஒவ்வொரு கழுதைச் சுமை உப்புக்கும் ஒரு தினார் பொன்னும், வெளிச்செல்லும் சுமைக்கு இரண்டு தினாரும் வரியாகக் கொண்டனர். உப்புச் சுரங்கம் அவ்வரசருடையதன்று. அது வடக்கே பாலையில் இருந்தது. பொன் விளையும் பம்புக் நிலத்தையும் அவர் நேரே ஆண்டாரல்லர். இரண்டிற்கும் இடைப்பட்ட வழியே அவருடையது. அவ்வழியின்மேல் அமர்ந்தே அவர் பேரரசரானார். தமிழிலக்கியம் பயின்றார்க்கு இது புதிதாகத் தோன்றாது. மிளகுக் கழுதைக்கு ஈடாக உப்புக் கழுதை, அவ்வளவே.

கானா தளர்ந்தபின் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுந்தியாத்தா நிறுவிய மாலி எழுந்தது. அதன் மன்னர் மான்சா மூசா 1324இல் மக்கா யாத்திரையின் வழியில் கெய்ரோவில் வாரி வழங்கிய பொன்னால் உலகப்புகழ் பெற்றார். 1375ஆம் ஆண்டின் கத்தலான் நிலப்படத்தில் அவர் கையில் பொன்னுருண்டையுடன் வீற்றிருக்கின்றார். படம் வரைவோர் கண்ணைப் பொன் கவர்தல் அன்றே தொடங்கிவிட்டது.

அப்பொன்னைத் தென்னிலத்தினின்று வெளிக்கொணர்ந்த உப்பைக் காண விரும்புவோர் இபின் பதூதாவின் துணை கொள்ளுதல் நன்று. மதுரைச் சுல்தானின் காலத்தில் நம் கரைக்கும் வந்துபோன அப்பயணி, 1352இல் சிஜில்மாசாவினின்று புறப்பட்டு 25 நாளில் தகாசா என்னும் உப்பூரை அடைந்தார். ஆங்கு வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களாற் கட்டப்பட்டு ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்தன. மரம் ஒன்றும் இல்லை. நீர் உவர்நீர், ஈயோ அளவில்லை. நிலத்தை அகழ்ந்து பாளம் பாளமாக உப்பெடுத்து, ஒட்டகம் ஒன்றிற்கு இரண்டு பாளமாக ஏற்றினர். அச்சுமை வலாட்டா நகரில் 8 முதல் 10 மிஸ்கால் பொன்னுக்கும், மாலித் தலைநகரில் 20 முதல் 30 மிஸ்காலுக்கும், சிற்சில வேளை 40க்கும் விலைப்பட்டது என்கின்றார். சிறு துண்டுகளாக வெட்டிய உப்பு நாணயமாகவும் வழங்கிற்று.

உப்பும் பொன்னும் எடைக்கு எடை மாறின என்று பலர் எழுதுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். மிஸ்கால் ஏறக்குறைய நாலேகால் கிராம். ஆகவே 40 மிஸ்கால் 170 கிராம். ஒட்டகச் சுமையோ நூறு கிலோவுக்கு மேற்பட்டது. எடைக்கு எடை என்பது கதையே. வியப்பு அவ்விகிதத்தில் இல்லை. ஒரே பாளம் தெற்கே செல்லச் செல்ல மும்மடங்கும் நான்மடங்கும் விலையேறியதில் உள்ளது. விலையை ஏற்றியது தொலைவு. நாம் கூறிய விளையாட்டிலும் வணிக வண்டி இரு சந்தைகளுக்கிடையே எவ்வளவு தொலைவு செல்கின்றதோ அவ்வளவு மிகுதியாகப் பொன் ஈட்டும். ஆட்டம் அமைத்தோர் இவ்வுண்மையை அறிந்தேயிருக்கின்றனர். வண்டியில் ஏற்றவேண்டிய பொருளுக்கு மட்டும் பெயரிட்டிலர்.

ஆதலின் மாணாக்கர் எவரேனும் இப்பேரரசுகளுக்கு ஒரு படம் அமைக்கப் புகுவாராயின் எம் கருத்து இது. வடகோடியில் தகாசா: அங்கு உப்பு உண்டு, உணவும் இல்லை, மரமும் இல்லை. தென்கோடியில் பம்புக், பூரே: அங்குப் பொன்னும் தினையும் உண்டு, உப்பில்லை. இடையே நைஜர் ஆற்று வளைவில் திம்புக்டுவும் காவோவும்; வலாட்டா பாலையின் வாயிலில். எவர் எதனைப் பிடித்தாலும் தனியே வாழ இயலாதவாறு வைத்தல் வேண்டும். இதற்கு முன்மாதிரி நம் பாட்டிமாரிடமே உண்டு. பல்லாங்குழியில் புதுக்காய் பிறப்பதில்லை. உள்ள காயே குழிதோறும் நடக்கின்றது. அவ்வாட்டத்தின் இனத்தவை ஆப்பிரிக்கா முழுதும் பரவியுள்ளன. மேற்காப்பிரிக்கர் பக்கத்திற்கு ஆறு குழியாக ஆடுவதை நாம் ஏழு குழியாக ஆடுகின்றோம். பொருள் பிறப்பதைவிட நடப்பதே முதன்மை என்பதை அப்பலகை காட்டுமளவு கணினிப் படம் காட்டுவதில்லை.

மற்றொன்றும் உண்டு, அதுவே எம்மை உறுத்துவது. தகாசாவில் குடியிருந்தோர் யாவர்? மசூபா என்னும் இனத்தாரின் அடிமைகள். அவர்களே உப்பை அகழ்ந்தனர். திரா, சிஜில்மாசாவினின்று வந்த பேரீச்சம்பழமும், தென்னாட்டுத் தினையும், ஒட்டக இறைச்சியுமே அவர்தம் உணவு. ஒட்டக வரிசை வாராது ஒழியின் அவர் கதி யாது? விளையாட்டிலோ 50 அளவு உணவு கொடுத்தால் ஒரு குடியாள் தோன்றுகின்றான். தோன்றியபின் அவன் உண்பதேயில்லை. சுரங்கத்திற்கு ஏவினால் ஆட்டம் முடியுமட்டும் அகழ்வான். மரக்காணத்தில் உச்சிவெயிலுக்குமுன் பாத்தியில் இறங்கி, வெண்மையின் ஒளியிற் கண் கூச, உவரிற் கால் வெடிக்க உப்பு வாரும் ஆடவரும் பெண்டிரும் அடிமைகள் அல்லர், கூலிபெறும் தொழிலாளர். எனினும் அவரைக் கண்டறிந்தவர்க்கு, உண்ணாத குடியாளை ஏவுதற்கு விரல் சற்றே தயங்கும். எம் படத்தில் விதி இதுவாகுக: தகாசாவுக்குத் தினை வண்டி சென்றாலன்றி ஒரு பாளமும் வெளிவாராது.

இதனால் ஆட்டம் சுவை குன்றும் என்பார்க்கு வரலாறு விடையிறுக்கும். மாலிக்குப்பின் எழுந்த சொங்காய்ப் பேரரசில் சோன்னி அலி 1468இல் திம்புக்டுவைக் கைப்பற்றினார். அஸ்கியா முகம்மது 1493இல் அரியணை ஏறினார். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொராக்கோச் சுல்தான் அகமது அல் மன்சூர் தகாசாவின் உப்பு வரி தமக்கே உரியது என்றார். அவ்வூரின்மேல் அவர் கை நீண்டவுடன் உப்பகழ்வோர் தெற்கே தாவுதென்னிக்குப் பெயர்ந்தனர். வென்ற சுரங்கம் வெறுஞ்சுரங்கமாயிற்று. 1591இல் சூதர் பாட்சா ஏறக்குறைய 4,000 வீரருடன் பாலையைக் கடந்து, காவோவுக்கருகே தொந்திபியில் துப்பாக்கியால் சொங்காய்ப் படையை முறித்தார். திம்புக்டு அவர் வசமாயிற்று. ஆயினும் பொன்விளையும் தென்னிலம் அவர்க்கு எட்டவில்லை. வழி குலைந்தமையின் வணிகமும் வேறுதிசை நாடிற்று. தாவுதென்னியின் பாளங்களோ, அவ்வெற்றியாளரின் ஆட்சி மறைந்து பன்னெடுங்காலம் கழிந்தபின்னும், இருபத்தோராம் நூற்றாண்டிலும், ஒட்டகத்தின்மேலும் லாரியின்மேலும் ஏறித் திம்புக்டுச் சந்தைக்குச் சென்றுகொண்டிருந்தன.