பக்கவாதம் வந்த கையை இழுக்காதீர்கள்

பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து எழுப்ப, விழுந்துபோன கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்குகிறோம். பல வீடுகளில் தோள்வலி இப்படித்தான் ஆரம்பிக்கிறது. தோள்மூட்டின் குழி ஆழமில்லாதது. தசைகள்தாம் அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. அவை தளர்ந்தால் கையின் கனமே மூட்டைக் கீழே இழுக்கும். இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள்.

திண்ணையில் உட்காரும்போது மடியில் தலையணை வைத்து, முழங்கையிலிருந்து விரல்வரை அதன்மேல் கிடத்துங்கள். சட்டை மாட்டும்போது முடங்கிய கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

பயிற்சிக்கு மேசையும் ஒரு துண்டும் போதும். துண்டின்மேல் முடங்கிய கையை வைத்து, நல்ல கையால் மணிக்கட்டைப் பிடித்து, மேசை துடைப்பதுபோல மெல்ல முன்னே தள்ளி இழுக்கச் சொல்லுங்கள். பத்து முறை, வலி தொடங்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும். உத்தரத்தில் கப்பி மாட்டிக் கயிறு இழுப்பது வேண்டாம். தோள்பட்டை எலும்பு கூடவே திரும்பாமல் கை மட்டும் உயர்ந்தால் தசைநார் நசுங்கும். எண்ணெய் தடவலாம், சொடுக்கு எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நடவு நேரத்தில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அடிக்கடி அழைத்துப்போக ஆள் கிடைக்காது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். கை வீங்கி, சிவந்து, சுட்டால் மட்டும் அதற்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.