காட்டில் அபயதானம்

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பது நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த பாடம். முதல் மூன்றும் எளிதில் விளங்குவன. ஈபவர் கையில் ஒரு பொருளோ நாவில் ஒரு நற்சொல்லோ இருக்கிறது. கொள்பவர் எதிரே நிற்கிறார். அபயதானத்தில் கொடுக்கப்படுவது அச்சமின்மை. 'என்னால் உனக்கு அச்சம் நேராது' என்று பிற உயிர்க்கு நடந்து காட்டுதலே இத்தானம். வகுப்பறையில் இதனை விளக்குதல் கடினம். காட்டில் அது தானே விளங்கும்.

1984 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மாணவியர் இருபதின்மரை ஆனைமலைத் தொடரிலுள்ள டாப்சிலிப்பிற்கு அழைத்துச் சென்றிருந்தோம். தென்மேற்குப் பருவமழைக் காலம். வனக்காவலர் ஒருவர் வழிகாட்டினார். நனைந்த சருகின்மீது கால் வைத்த சிறிது நேரத்திற்கெல்லாம் அட்டைகள் ஏறத் தொடங்கின. நூலினும் சற்றே பருத்த உடலை நிமிர்த்தி, நம் வெம்மையையும் மூச்சையும் தேடி, அவை முனையை அசைக்கும் காட்சி விந்தையானது. மாணவியர்க்கு விந்தையாகத் தோன்றவில்லை, அலறினர். காவலர் மடியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தார். அது அவர் அன்றாடம் செய்யும் உதவி. உப்புப் பட்ட அட்டை சுருண்டு துடிப்பதைக் கண்டதும், நம் சமூகத்துச் சிறுமி ஒருத்தி தன் காலை இழுத்துக்கொண்டாள். "வேண்டாம் டீச்சர். அட்டை ஈரறிவுயிர் என்று கோயில் பாடத்தில் படித்திருக்கிறேன்" என்றாள்.

அவள் படித்தது சரியே. புழு, சங்கு, அட்டை முதலியவற்றை ஈரறிவுயிர்கள் என நம் நூல்கள் வகுக்கின்றன. பரிசம், சுவை என்னும் இரு பொறிகளோடு உடல், மொழி, உயிர்ப்பு, ஆயுள் ஆகியவையும் சேர, அவற்றுக்குப் பிராணன்கள் ஆறு. பிரமாதத்தினால் பிராணனைப் போக்குதல் இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணம். அட்டையின் தலைப்பகுதியில் ஒளியை உணரும் நுண்ணிய கண்கள் உண்டென இன்றைய விலங்கியல் கூறும். அதனால் நம் பகுப்பு பழுதாயிற்று என்று நான் கருதவில்லை. அறியும் ஆற்றல் ஒன்று கூடுதலாக இருப்பின், அவ்வுயிரிடத்து நாம் காட்டவேண்டிய கவனமும் கூடும், அவ்வளவே.

காவலர் சிரித்தார். "அப்படியானால் நகம் போதும், பாப்பா" என்று கூறிக் குனிந்தார். அட்டையின் மெலிந்த முனையே வாய். தோலை ஒட்டினாற்போல் நகத்தை வைத்து அம்முனையைப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விடும். பின்னர்ப் பருத்த முனையையும் அவ்வாறே தள்ளி, இலையொன்றின்மேல் விட்டுவிடலாம். அட்டையின் உமிழ்நீர் குருதியை உறையவிடாது. ஆதலின் சிறிது நேரம் கசியும். கழுவி அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். உப்பும் நெருப்பும் பட்ட அட்டை, தான் உறிஞ்சியதைப் புண்ணுக்குள்ளேயே கக்கக்கூடும் என்பதால் மருத்துவரும் நகத்தையே பரிந்துரைப்பர்.

அதன்பின் மாணவியர் நடையே மாறிற்று. நம் முனிவர்கள் நான்கு முழ தூரம் நிலத்தை நோக்கிப் பகலில் நடக்கும் ஈரியா சமிதியை அவர்களுக்கு நினைவூட்டினேன். அப்படி நடந்தவர்களுக்குக் காடு நிறையவே காட்டியது: கறையான் புற்று, எறும்புச் சாரை, ஈர மண்ணில் பிளந்த பெரிய குளம்படி. குளம்படியைக் கண்ட காவலர் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். மூங்கிற் புதரின் ஓரத்தில் காட்டுமாடு ஒன்று நின்றது. கரிய உடல், நான்கு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை. மூக்கால் ஒருமுறை சீறியது. நாங்கள் அசையவில்லை, பேசவில்லை. எங்களை நெடுநேரம் பார்த்திருந்து, பின் தலையைத் தாழ்த்தி மேயலாயிற்று. அது மேயத் தொடங்கிய அக்கணத்தையே அபயதானத்திற்கு எடுத்துக்காட்டாகப் பின்னாளில் வகுப்புகளில் கூறி வந்தேன்.

இங்கே நம்மவரிடம் ஒன்று சொல்லவேண்டும். குரங்கைக் கண்டால் பழம் எறிவதை ஆகாரதானம் என்று பலர் எண்ணுகின்றனர். அதே ஆனைமலைத் தொடரில், வால்பாறைப் பக்கம் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் அவை இயற்கையாக வாழ்வதில்லை. மரக்கிளைகளிலேயே பெரும்பொழுதைக் கழிக்கும் இவ்வினம், புதுத்தோட்டம் பகுதியில் சாலைக்கு இறங்கி வரப் பழகிவிட்டது. காடு துண்டுபட்டது ஒரு காரணம்; பயணிகள் தரும் தின்பண்டம் மற்றொன்று. வண்டிகளில் அடிபட்டு இறந்தவை பல. சாலையின் குறுக்கே மரத்துக்கு மரம் பாலம் கட்டி அவற்றைக் காக்க முயன்றுவருகின்றனர். மேலே பாலம் கட்டுவோர் ஒருபுறம், கீழே வாழைப்பழம் நீட்டுவோர் மறுபுறம்! காட்டுயிர் நம் கைக்கு அஞ்சாமல் வருவது வேறு, நம் நடுவே அஞ்சாமல் தன் வழியில் போவது வேறு. இரண்டாவதற்கே அபயம் என்று பெயர்.

நம் குடும்பங்கள் பொன்னூர்மலைக்கும் திருமலைக்கும் யாத்திரை செல்கின்றன. புறப்படுமுன் பிள்ளைகளிடம் இவ்வினாவைக் கேளுங்கள்: மலைப்படியில் ஒரு குரங்கு கை நீட்டுகிறது, உன் பையில் பழம் இருக்கிறது, நால்வகைத் தானத்துள் எதனை அதற்குத் தருவாய், எப்படித் தருவாய்? விடை கூறப் பிள்ளைகளுக்குப் போதிய நேரம் விடுக.