வழவழப்பை விட்டுவைக்காதீர்கள்!

தண்ணீர் பாட்டிலுக்குள் விரலை விட்டுத் தடவினால் வழவழவென்று இருக்கிறதா? அதுதான் 'பயோஃபிலிம்'. பாக்டீரியாக்கள் ஈரமான இடத்தில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரைப் பொருளும் புரதமும் கலந்த பசையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கும். எல்லாப் படலமும் ஆபத்தானதல்ல. ஆனால் சால்மோனெல்லா, லிஸ்டீரியா, ஈ.கோலை போன்ற கிருமிகளும் அந்தப் பசைக்குள் இடம்பிடித்துக்கொள்ளும்.

1. முதலில் தேய்ப்பு, பிறகுதான் மருந்து. படலத்தின் மேல் பிளீச்சைக் கொட்டினால் மேலோட்டமாக இருக்கும் கிருமிதான் சாகும். பசைக்குள் இருப்பது தப்பித்துவிடும். எனவே வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, நன்றாக அலசுங்கள். அதன் பிறகு, 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி வாசனையில்லாத பிளீச் கலந்து, சில நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். பிளீச்சோடு வினிகரோ, எலுமிச்சையோ, பாத்ரூம் ஆசிட்டோ சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பிவிடும். யூடியூபில் யார் சொன்னாலும் சரி!

2. மிக்ஸி ஜாரைக் கவிழ்த்துப் பாருங்கள். மூடியின் ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தால், போன வாரத்துச் சட்னி பழுப்பாக ஒட்டியிருக்கும். பிளேடுக்கு அடியிலும் அதே கதைதான். அரைத்தவுடன் தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு ஓடவிடுங்கள். வாரம் ஒருமுறை வளையத்தைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேயுங்கள். இது அற்ப விஷயமல்ல. 2008-இல் கனடாவில் 20-க்கும் மேற்பட்டோர் லிஸ்டீரியாவால் இறந்தார்கள். தொழிற்சாலையில் இறைச்சி சீவும் இயந்திரங்களின் உள்ளே, வழக்கமான கழுவலுக்கு எட்டாத இடுக்குகளில் அது பதுங்கியிருந்திருக்கலாம் என்றே விசாரணையில் கருதப்பட்டது.

3. ஸ்பாஞ்ச் எப்போதும் ஈரமாகவே கிடப்பதால் கிருமிக்குக் கொண்டாட்டம். பிழிந்து, நிமிர்த்தி வையுங்கள். நாற்றம் வந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். சீக்கிரம் காயும் தேங்காய் நாருக்கே என் ஓட்டு.

4. கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள் கேனை மாற்றுவார்கள். அடியில் இருக்கும் டிஸ்பென்சரைத் தொடவே மாட்டார்கள். அதன் குழாய்த் துவாரத்தில் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுத் திருகி எடுங்கள். கொழகொழவென்று வந்தால், அந்த வழியாகத்தான் இத்தனை நாளும் தண்ணீர் குடித்திருக்கிறீர்கள்! ஒவ்வொரு கேன் மாற்றும்போதும் தேய்த்துக் கழுவுங்கள்.

5. கறிக்கும் காய்க்கும் தனித்தனிப் பலகை. கத்தி கீறிய பள்ளங்களுக்குள் பிரஷ் போகவில்லையென்றால் பலகையை மாற்றுங்கள். கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் தெறிக்கும் தண்ணீர் சிங்க், மேடை, பக்கத்துப் பாத்திரம் என எங்கும் கிருமியைப் பரப்பும். கழுவித்தான் தீருவேன் என்பவர்கள் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அலசிவிட்டு, சிங்க்கை உடனே சோப்பு போட்டுத் தேய்க்கவும்.

6. ஃபிரிட்ஜில் வைத்தால் கிருமி வளராது என்று நம்ப வேண்டாம். 4 டிகிரி குளிரிலும் லிஸ்டீரியா மெதுவாக வளரும். காய்கறி டிரேயையும் கதவு ரப்பரின் மடிப்பையும் மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

7. எவர்சில்வரும் விலக்கல்ல. இரவு கழுவிய பாத்திரங்களை ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்காமல், கூடையில் கவிழ்த்துக் காயவிடுங்கள். சிங்க்கின் சல்லடையையும் எடுத்துத் தேய்த்து, பக்கத்திலேயே கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போங்கள்.