வாக்கும் வட்டியும்: ஜப்பானிய ஆயுள் காப்பீடு தரும் பாடம்

முன்னுரை

காப்பு, ஈடு என்னும் இரு சொற்களின் சேர்க்கையே காப்பீடு. இழப்பு நேரும் நாளில் ஈடு செய்வதாக இன்று அளிக்கும் வாக்கே அத்தொழிலின் முதல். வாக்களித்த நிறுவனமே நிதி நெருக்கடியில் வீழ்ந்தால் யாது நிகழும்? அத்தொழிலின் பிற்காலப் போக்கு எவ்வாறு மாறும்? ஜப்பானிய வரலாற்றைக் கொண்டு இவ்வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

உயர்ந்த வாக்குறுதி

1980களில் ஜப்பானில் பங்கு விலையும் நில விலையும் விரைந்து ஏறின. 1989 இறுதியில் நிக்கெய் பங்குக் குறியீடு 38,915 புள்ளிகளை எட்டியது. அக்காலத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் போட்டியிட்டு, நெடுங்கால ஒப்பந்தங்களுக்கு 5.5 விழுக்காடு அளவில் வட்டியை உறுதி செய்தன. பின்னர் விலைகள் சரிந்தன. 1995இல் ஜப்பானின் மைய வங்கி தன் வட்டி வீதத்தை 0.5 விழுக்காடாகக் குறைத்தது. நிறுவனங்களின் வரவு சுருங்கியது. அவை கொடுத்த வாக்கோ சுருங்கவில்லை.

வீழ்ச்சி

1997இல் நிசான் மியூச்சுவல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் வீழ்ந்தது. 2001க்குள் மேலும் ஆறு நிறுவனங்கள் அவ்வழியே சென்றன. நிசான் ஒப்பந்தங்கள் வேறொரு நிறுவனத்திற்கு மாற்றப்பட்டு, அவற்றின் உறுதி வட்டி 2.75 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. முதுமைக்கெனப் பணம் கட்டியோர் நம்பியிருந்த தொகை முழுமையாகக் கிட்டவில்லை.

புதிய நெறிகள்

இந்நெருக்கடி மூன்று மாற்றங்களை விளைத்தது. முதலாவதாக, புதிய ஒப்பந்தங்களின் உறுதி வட்டி பெரிதும் தாழ்த்தப்பட்டது. இரண்டாவதாக, சேமிப்பை முதன்மையாகக் கொண்ட திட்டங்களைவிட மருத்துவக் காப்பீட்டிலும் புற்றுநோய்க் காப்பீட்டிலும் நிறுவனங்கள் நாட்டம் செலுத்தின. மூன்றாவதாக, நலிந்த நிறுவனங்களின் வாடிக்கையாளரைக் காக்க 1998இல் ஒரு பாதுகாப்புக் கழகம் நிறுவப்பட்டது.

மற்றொரு சான்று

வீழ்ந்தவற்றுள் ஒன்றான சியோடா நிறுவனத்தை 2001இல் அமெரிக்காவின் ஏ.ஐ.ஜி. ஏற்றது. 2008இல் அந்த ஏ.ஐ.ஜி.யே தடுமாறிற்று. பிறர் கடன்களுக்கு அளவிறந்து அளித்த உத்தரவாதம் அதற்கு ஒரு முதன்மைக் காரணம். அமெரிக்க மைய வங்கி 8,500 கோடி டாலர் கடன் வழங்கித் தாங்க நேர்ந்தது. சியோடாவின் வழிவந்த நிறுவனத்தையும் 2011இல் ஏ.ஐ.ஜி. விற்றுவிட்டது.

முடிவுரை

ஒன்று வட்டியால் வீழ்ந்தது. மற்றொன்று உத்தரவாதத்தால் தடுமாறியது. ஆற்றலை மிஞ்சிய வாக்கே இரண்டிற்கும் பொதுவான வேர். எத்துணை ஒப்பந்தங்களை விற்கலாம் என்பதற்கு முன், எத்துணை வாக்குகளைக் காக்க இயலும் எனக் கணிப்பதே காப்பீட்டுத் தொழிலின் எதிர்கால நெறியாதல் வேண்டும். ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நாமும், உறுதி செய்யப்பட்ட தொகை எது, எதிர்பார்க்கப்படும் தொகை எது எனப் பிரித்தறிந்து கேட்டல் நலம்.