பிள்ளைகளின் ஒற்றைத் தலையிடியும் நமது கடமையும்

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. காய்ச்சலையேனும் கைவைத்து அறியலாம். வெப்பமானி கொண்டு அளக்கலாம். தலையிடியை அளக்கும் கோல் யாதுமில்லை. நோயாளியின் வாய்ச்சொல் ஒன்றே சான்று. அந்நோயாளி எட்டு வயதுப் பிள்ளையாயின் அச்சொல்லும் எளிதில் ஏற்கப்படுவதில்லை. "படிக்கக் கள்ளம்" என்று வீட்டிலும், "கணக்குப் பாடம் வந்தால்தான் இவனுக்குத் தலையிடி வரும்" என்று வகுப்பிலும் கூறுவார் பலர். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலர் இன்று தந்தையராயும் பேரராயும் இருத்தலின், அவர்க்கும், உடனாசிரியர்க்கும், மாணவர்க்கும் பயன்படுமாறு பிள்ளைகளின் ஒற்றைத் தலையிடி பற்றிச் சில கூற விழைகின்றோம். யாம் வைத்தியர் அல்லேம். வைத்தியர் ஆராய்ந்து கண்டவற்றை வகுப்பறையோடு பொருத்திக் காட்டுவதே எமது நோக்கம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். தமிழகத்தார் தலைவலி என்பதனை நாம் தலையிடி என்கின்றோம். உரலில் உலக்கை விழுவதுபோல விட்டுவிட்டு இடிக்கும் நோவு என்னும் கருத்து அச்சொல்லிலேயே தொனிக்கின்றது. மைக்கிரேன் என ஆங்கிலர் வழங்குவது 'பாதித் தலை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. வடமொழி வைத்திய நூலார் அர்த்தாவபேதகம் என்றதும் பாதியைப் பிளப்பது என்னும் கருத்துப் பற்றியேயாம். நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்து நூலெனப் போற்றப்படும் பரராசசேகரத்திலே சிரரோக நிதானம் ஒரு தனிப்பகுதியாக அமைந்துள்ளது. ஆகவே தலைநோய்கள் நம் முன்னோர் அறியாதன அல்ல. ஆயினும் ஒற்றைத் தலையிடி என்னும் பெயர் நம்மை ஏமாற்றுதலுங் கூடும். வளர்ந்தோர்க்கு அது பெரும்பாலும் ஒரு பக்கத்தே வரும். சிறுவர்க்கோ நெற்றி முழுவதிலும் இரு கன்னப்பொறிகளிலும் வருவது மிகுதி. "இரு பக்கமும் நோகின்றது, ஆதலின் இது அதுவன்று" எனத் துணிதல் பொருந்தாது.

இனி, நோயின் குறிகளைக் கூறுவோம். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரெனச் சோர்ந்து முகம் வெளிறும். வெளிச்சத்தையும் ஓசையையும் வெறுக்கும். சிலவேளை மணமும் ஒவ்வாது. வயிறு குமட்டும், வாந்தியும் வரலாம். இருண்ட இடத்தை நாடிச் சென்று படுக்கும். சிறிது உறங்கி எழுந்தபின், ஒன்றும் நிகழாததுபோல மீண்டும் விளையாடச் செல்லும். வளர்ந்தோர்க்கு நாள் முழுவதும் நீடிக்கும் நோவு சிறுவர்க்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் தணிதலும் உண்டு. இவ்வாறு விரைந்து தணிவதே பிள்ளை நடித்தான் என்னும் ஐயத்துக்கு இடமாகின்றது. உண்மையில் அது இந்நோயின் இயல்பே. சிலர்க்கு நோவு தொடங்குமுன் கண்முன்னே மின்னும் கோணற் கோடுகள் தோன்றும். இதனைச் சொற்களால் விளக்க அறியாத பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உன் தலையிடி எப்படி இருக்கும் என்று கீறிக் காட்டு" எனலாம். இம்முறையைக் கையாண்டு அமெரிக்க வைத்தியர் சிலர் 226 சிறுவரை ஆராய்ந்து, படத்தைக்கொண்டு கண்ட முடிவும் வைத்தியப் பரிசோதனை முடிவும் பெரும்பாலும் ஒத்திருந்தமையை 2002 இல் வெளியிட்டனர்.

இந்நோய் அரியதன்று. 1994 இல் வெளியான ஆய்வொன்று, ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இஃது இருத்தலைக் காட்டிற்று. அவ்வளவே இங்குமெனக் கொள்ளின் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் நால்வர் இருப்பர். சிறு வயதில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஏறக்குறைய ஒத்த அளவில் வருந்துவர். பூப்பெய்தும் பருவத்தின்பின் பெண்பிள்ளைகளிடத்து மிகும்.

காரணம் யாதெனின், பரம்பரையாக வரும் மூளையின் கூருணர்ச்சி எனலாம். தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் இருத்தல் பெருவழக்கு. முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பு கிளர்ச்சியுற்று நோவை எழுப்புகின்றது என்பர். நம் ஊரில் இதனைப் பீனிசம் என்று பெயரிட்டுப் பல மாதம் மருந்துண்பாரும், கண்ணாடி அணிந்தால் தீரும் என்றிருப்பாரும் உளர். கண்ணைச் சோதிப்பித்தல் நன்றே. ஆயின் பார்வைக் குறை இந்நோய்க்குக் காரணமாதல் அரிது.

கூருணர்ச்சியுடைய அம்மூளையைத் தூண்டுவன சில உள. காலையுணவு உண்ணாமை, போதிய நீர் பருகாமை, உறக்கக் குறைவு, கடும் வெயில், மனக்கலக்கம் என்பன அவற்றுள் முதன்மையானவை. நம் பிள்ளைகளின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பத்து வயதுப் பிள்ளை, விடியுமுன் எழுந்து, ஒரு கோப்பைத் தேநீருடன் பள்ளிக்கு வந்து, மாலையில் தனியார் வகுப்புக்குச் சென்று, இரவு நெடுநேரம் விழித்திருந்து படிக்கின்றது. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் தொப்பியுமின்றித் தண்ணீருமின்றி வெயிலிலே பயிற்சி பெறுகின்றது. இத்தனையுஞ் சேர்ந்து கணக்குப் பாடத்தன்று தலையிடி வருமாயின் அது பொய்யாகாது. மனக்கலக்கத்தால் எழுந்த நோவும் மெய்ந்நோவே என்பதனை ஆசிரியர் மறவாதிருத்தல் வேண்டும்.

நோவு தொடங்கியவுடன் செய்யத்தக்கன எளியன. பிள்ளையை இருண்ட, அமைதியான இடத்திற் படுக்கவிடுக. நீர் பருகக் கொடுக்க. நெற்றியில் ஈரத்துணி இடுக. உறக்கம் வரின் எழுப்பற்க. மணம் மிகுந்த தைலங்கள் சிலர்க்கு நோவை மிகுவிக்கும். சிறுவர்க்கு வேது பிடித்தலில் சுடுநீர் கவிழும் இடருண்டு. வைத்தியர் குறித்த மருந்தை, பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில், நோவு முற்றுமுன் கொடுத்தலே பயன் தரும். அஸ்பிரின் சிறுவர்க்கு ஆகாது. காய்ச்சலுடன் தலையிடி வருமாயின், டெங்கு பரவும் நம் நாட்டிலே இபுபுரொபனும் கொடுத்தலாகாது. பரசிற்றமோல் மட்டும் அளவோடு கொடுத்து வைத்தியரிடம் செல்க. நோவுமருந்தை வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வழக்கமாகக் கொடுப்பின் அம்மருந்தே தலையிடியை வளர்க்கும்.

தலையிடி வராது காத்தலே மேலானது. வேளைக்கு உணவு, வேளைக்கு உறக்கம், நாடோறும் விளையாட்டு, பையிலே தண்ணீர்ப் போத்தல் ஆகிய நான்கும் இன்றியமையாதன. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பள்ளிப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமேனும், அதற்கு மேற்பட்ட மாணவனுக்கு எட்டு மணி நேரமேனும் உறக்கம் வேண்டும். ஒரு கொப்பியில் நோவு வந்த நாள், நேரம், முதல்நாள் உறங்கிய அளவு, உண்ட வேளை, நீடித்த மணி, கொடுத்த மருந்து என்பவற்றைப் பிள்ளையே குறித்து வருதல் நன்று. இரண்டு மாதக் குறிப்பு வைத்தியருக்குப் பெருந்துணையாகும். தன் நோயைத் தான் அறியும் ஆற்றலையும் பிள்ளைக்குத் தரும். அவ்வாற்றல் நெடுங்காலம் வேண்டப்படும். சுவீடனில் பில்லே என்னும் வைத்தியர் உப்சாலா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 9,000 பேரை ஆராய்ந்து 1962 இல் நூல் வெளியிட்டார். அவருள் நோய் மிகுந்திருந்த 73 பேரை நாற்பதாண்டு தொடர்ந்து கண்டபோது, நூற்றுக்கு 23 பேர் இருபத்தைந்து வயதுக்குமுன் நோய் நீங்கப் பெற்றனர். பாதிக்கு மேற்பட்டோர்க்கு ஐம்பது வயதளவிலும் அது வந்துகொண்டிருந்தது.

மருந்தினும் கவனிப்பு வலியது என எண்ணுதற்கும் இடமுண்டு. 8 முதல் 17 வயது வரையுள்ளார்க்கு நோவு வராது தடுக்கும் இரு மருந்துகளை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2017 இல் வெளியாயிற்று. வெற்று மாத்திரை உண்டாருள் நூற்றுக்கு 61 பேருக்குத் தலையிடி நாட்கள் பாதியாகவோ அதனிலும் மிகுதியாகவோ குறைந்தன. மருந்துகள் அதனை விஞ்சவில்லை. தன் நோவைப் பெரியோர் கேட்கின்றனர் என்னும் ஆறுதலே ஒரு மருந்தாயிற்றுப் போலும்.

எனினும் எல்லாத் தலையிடியும் ஒற்றைத் தலையிடியன்று. உறக்கத்தினின்று எழுப்பும் நோவு, விடியற்காலை வாந்தி, காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், நடை, பேச்சு, பார்வை என்பவற்றில் மாற்றம், வலிப்பு, தலையில் அடிபட்டபின் வரும் நோவு, வாரந்தோறும் வளரும் நோவு, இதுகாறும் இல்லாத கடுநோவு ஆகியவற்றுள் ஒன்று காணினும், நூல் கட்டியும் பார்வை பார்த்தும் காலம் போக்காது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் தலையிடியையும் வைத்தியரே ஆராய்தல் வேண்டும்.

இறுதியாக, ஆசிரியர் கடமை. பிள்ளை தலையிடி என்று சொன்னால் வகுப்பினர் முன் விசாரணை செய்யாது உடனே ஓய்வுக்கு அனுப்புக. தண்ணீர் பருகவும் வெளியே செல்லவும் தடை செய்யற்க. நோவு தணிந்தபின் வகுப்புக்கு மீள வரவேற்று, விட்ட பாடத்தை எழுத உதவுக. ஒரு மணி நேர ஓய்வால் தீர்வதற்குப் பிள்ளையை நாட்கணக்கில் வீட்டில் நிறுத்துதலும் நன்றன்று. படிப்புப் பிந்த அச்சம் பெருகும். அச்சம் பெருக நோவும் பெருகும். பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். வெளிச்சம் மறைக்கும் திரையும் ஒரு கட்டிலும் தண்ணீர்க் குடமும் உடைய சிற்றறை ஒன்றைக் கல்லூரியில் அமைத்துத் தருக. வைத்தியராய் விளங்கும் பழைய மாணவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இப்பொருள் பற்றி உரையாற்றுவாராக. "எனக்குத் தலை இடிக்கிறது, சேர்" என்று அஞ்சி நிற்கும் சிறுவனுக்கு, "போய்ப் படுத்துக்கொள் தம்பி" என்னும் மறுமொழி நம் கல்லூரியில் என்றும் கிடைப்பதாகுக.